தாளில் எழுதப்படாத ஊசி: சத்திரசிகிச்சையில் நீலச் சாய ஒவ்வாமை பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

வன்னியில் வேலை செய்யும் எந்த வைத்தியருக்கும் தாதிக்கும் அனபிலக்சிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தான திடீர் ஒவ்வாமை, புதிய விடயமில்லை. புடையன் பாம்பு கடித்து வருபவருக்கு விஷமுறிவு மருந்து ஏற்றத் தொடங்கினாலே போதும், அடுத்த அரை மணித்தியாலத்துக்குள் உடம்பு தடித்து, நடுங்கி, பிரஷர் விழுந்து நிற்பதை மாதத்துக்கு ஒரு தடவையாவது பார்ப்போம். இலங்கையில் பாம்புக்கடிபட்ட 1007 பேரை வைத்து நடத்தி 2011இல் வெளியான ஆய்வில், விஷமுறிவு மருந்து பெற்றவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஏதோவொரு ஒவ்வாமை விளைவு வந்தது. அதனால் எங்கள் விடுதித் தாதிமாருக்கு அட்ரினலின் ஊசியை நித்திரையிலும் உடைக்கத் தெரியும்.

அதே வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைக்கூடத்தில், அதே அனபிலக்சிஸை அடையாளம் காண மயக்கமருந்து வைத்தியரான எனக்கு ஆறு நிமிடம் பிடித்தது. அந்த ஆறு நிமிடத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். நோயாளியின் சம்மதம் பெற்றிருக்கிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நோயாளி

ஐம்பதுகளின் நடுவில் இருக்கும் ஒரு அம்மா. குளக்கரைக் கிராமம் ஒன்று, இரண்டு ஏக்கர் வயல், மிச்ச நேரத்தில் பனையோலைப் பின்னல். இடது மார்பில் இரண்டு சென்ரிமீற்றர் கட்டி. ஊசி மூலம் எடுத்த துண்டில் புற்றுநோய் என்று வந்திருந்தது. அக்குளில் நெறி எதுவும் கைக்குத் தட்டுப்படவில்லை, ஸ்கானிலும் தெரியவில்லை. நீரிழிவு இல்லை. பிரஷருக்கு ஒரு குளிசை. ஆஸ்துமா இல்லை. "ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா அம்மா?" என்று முதல்நாள் கேட்டபோது, "பென்சிலின் எல்லாம் போட்டிருக்கிறன் பிள்ளை, ஒண்டும் செய்யேல்லை" என்றார். நானும் தாளில் "ஒவ்வாமை: இல்லை" என்று எழுதினேன்.

திட்டம் எளிமையானது. கட்டியைச் சுற்றியுள்ள சதையோடு வெட்டி எடுப்பது, கூடவே அக்குளில் காவல் நிணநீர்க்கணுவைக் கண்டுபிடித்துச் சோதிப்பது. மார்பிலிருந்து வடியும் நிணநீர் முதலில் போய்ச் சேரும் கணுவைத்தான் காவல் கணு என்கிறோம். அதில் புற்றுநோய் இல்லையென்றால் அக்குள் முழுவதையும் சுரண்டி எடுக்கத் தேவையில்லை, வாழ்நாள் முழுக்கக் கை வீங்கிக் கிடக்கும் தொல்லையும் பெரும்பாலும் இல்லை. வயல்வேலை செய்யும், ஓலை பின்னும் ஒரு பெண்ணுக்கு இது சின்ன விடயமில்லை. இந்த முறை பரவலானது 1990களில்தான். 1992இல் டொனால்ட் மோர்ட்டன் தோல் புற்றுநோயிலும், 1994இல் அர்மாண்டோ ஜூலியானோ மார்புப் புற்றுநோயிலும் நீலச் சாயத்தை வைத்து அந்தக் கணுவைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். கதிரியக்கப் பொருளும் சாயமும் சேர்த்துப் பயன்படுத்துவது வசதியுள்ள இடங்களின் வழக்கம். எங்களுக்குச் சாயம் மட்டும்தான்.

வழமையாக மெதிலீன் நீலம் போடுவோம். அந்த வாரம் அது கையிருப்பில் இல்லை. சத்திரசிகிச்சை நிபுணரிடம் பேட்டன்ட் நீலம் வி இருந்தது, 2.5 சதவீதம், 2 மில்லிலீற்றர் குப்பி. அவருக்குப் பழக்கமான சாயம்தான். "இண்டைக்கு இதைப் போடுவம்" என்றார். சரி என்றேன். அந்தச் "சரி"க்கு அப்பால் அந்தக் குப்பியைப் பற்றி நான் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. ஏனென்றால் அது என் ஊசியில்லை.

நடந்தது

காலை 8.35க்கு நுண்ணுயிர்க்கொல்லி. 8.45க்கு ஃபென்ரனில், புரோபோஃபோல், அட்ராக்கியூரியம் கொடுத்து மயக்கி, மூச்சுக்குழாயில் குழாய் போட்டேன். ஒன்றும் விசேஷமில்லை. 8.58க்கு நிபுணர் சாயத்தை உப்புநீரோடு கலந்து, முலைக்காம்பைச் சுற்றித் தோலுக்குக் கீழே செலுத்தி, ஐந்து நிமிடம் தடவிவிட்டார். பிறகு கிருமிநீக்கம், பச்சைத் துணி. வலது கையில் சேலைனும் பிரஷர் பட்டையும் விரல் கிளிப்பும். அந்தக் கை உடம்போடு ஒட்டித் துணிக்குள் போய்விட்டது. முகத்தின் மேலேயும் துணி. 9.10க்கு முதல் வெட்டு.

9.17க்கு ஒட்சிசன் செறிவு 99இலிருந்து 94ஆக இறங்கியது. பக்கத்தில் நின்ற பயிற்சி வைத்தியர் என்னைப் பார்த்தார். நான் கொஞ்சம் பெருமையோடு விளக்கம் சொன்னேன். விரல் கிளிப் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் வைத்துத்தான் ஒட்சிசனைக் கணக்கிடுகிறது, சிவப்பு 660 நானோமீற்றர். பேட்டன்ட் நீலம் 640க்குக் கிட்டே ஒளியை விழுங்கும். அதனால் இரத்தத்தில் சாயம் கலந்ததும் கருவி ஏமாந்து குறைத்துக் காட்டும், உண்மையில் ஒட்சிசன் குறையவில்லை. சொன்னதெல்லாம் சரியான தகவல். அந்தச் சரியான தகவல்தான் என்னை அடுத்த நாலு நிமிடம் நிம்மதியாக உட்கார வைத்தது.

9.21க்கு பிரஷர் 82/44. மயக்க ஆவியின் அளவைக் குறைத்தேன், பிரஷரைத் தூக்கும் எஃபெட்ரின் 6 மில்லிகிராம் போட்டேன். பெரிதாக வலிதரும் வேலை இன்னும் தொடங்கவில்லை, வெறும் வயிற்றோடு வந்தவர், பிரஷர் குளிசை குடிப்பவர். மயக்கத்தின்போது பிரஷர் கொஞ்சம் விழுவது அன்றாட விடயம், பத்தில் ஒன்பது தடவை எஃபெட்ரினோடு சரியாகிவிடும். 9.23க்கு இன்னொரு 6. 9.24க்குப் பட்டை இரண்டு தரம் ஊதி, மூன்றாம் தரம்தான் இலக்கம் காட்டியது: 54, கீழே வெறும் கோடு. நாடி 128. வெளிமூச்சின் காபனீரொட்சைட்டு 35இலிருந்து 19க்கு விழுந்திருந்தது.

அந்த 19ஐச் சாயம் ஏமாற்ற முடியாது. மூச்சுக் கருவியில் எதுவும் மாறாமல் அது அப்படி விழுந்தால், நுரையீரலுக்குப் போதிய இரத்தம் போய்ச் சேரவில்லை என்றுதான் முதலில் நினைக்கவேண்டும். இதயத்துக்குத் திரும்பிவரும் இரத்தம் வற்றிக்கொண்டிருந்தது. காற்றுக் குழாயில் அழுத்தம் கூடவில்லை, நெஞ்சில் இழுப்புச் சத்தமும் இல்லை. இழுப்பும் தடிப்பும் இருந்தால்தான் அனபிலக்சிஸ் என்று என் தலையில் ஒரு படம் பதிந்திருந்தது. விஷமுறிவு மருந்து பதித்த படம் அது.

"மிஸ், துணியைக் கொஞ்சம் தூக்குங்கோ, கையைப் பார்க்கவேணும்."

சுற்றிநின்ற தாதி துணியைத் தூக்கினார், தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். "டொக்டர், இது என்ன நீலமாத் தடிச்சிருக்கு?"

வலது முழங்கையின் உட்புறத்திலிருந்து தோள்வரைக்கும், வயிற்றிலும், தொடையின் மேல்பக்கத்திலும் தடிப்புகள். பயற்றங்காய் அளவுக்கு நீளமானவை சில, ஒரு ரூபாய்க் குற்றியளவு வட்டமானவை பல. வழமையான தடிப்பு சிவந்திருக்கும். இவை வெளிறிய நீலம், விளிம்பு மட்டும் சிவப்பு. இரத்தத்தில் சுற்றிய சாயம், கசிந்த நீரோடு சேர்ந்து ஒவ்வொரு தடிப்புக்குள்ளும் இறங்கியிருந்தது. கண் இமைகள் இரண்டும் ஊதி நீலம் பாரித்திருந்தன. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக வாசித்ததை அப்போதுதான் கண்ணால் கண்டேன்.

9.27க்கு முதல் அட்ரினலின். ஒரு மில்லிகிராம் குப்பியைப் பத்து மில்லிலீற்றராகக் கரைத்து, அதில் அரை மில்லிலீற்றர், அதாவது 50 மைக்ரோகிராம், நாளத்துக்குள். ஒட்சிசன் நூறு வீதம், கால்களை உயர்த்திவிட்டு, இரண்டு சேலைனையும் கையால் பிழிந்து விட்டோம். ஒரு நிமிடத்தில் 66. இன்னொரு 50. பிறகும் விழுந்தது. மொத்தம் ஐந்து தடவை போட்டபின், பம்பில் தொடர்ச்சியாக அட்ரினலின். முதல் அரை மணித்தியாலத்தில் இரண்டரை லீற்றர் சேலைன் போனது. அனபிலக்சிஸில் இரத்தக் குழாய்கள் ஓட்டைவாளி மாதிரி. ஊற்றுவதெல்லாம் வெளியே கசியும், அதற்காக ஊற்றாமல் விடவும் முடியாது.

மேல் பிரஷர் 50க்குக் கீழே போனால், நாடி தட்டுப்பட்டாலும் நெஞ்சை அழுத்தத் தொடங்கவேண்டும் என்பது இப்போதைய வழிகாட்டல். நாங்கள் 54இல் நின்றோம். தாதி ஒருவர் படிக்கட்டு மேசையில் ஏறிக் கையை வைத்தபடி தயாராக நின்றார். அந்தக் கை இறங்கத் தேவைப்படவில்லை.

நிபுணர் அக்குளை இன்னும் திறக்கவில்லை. மார்பில் போட்ட வெட்டை மூடிவிட்டு நிறுத்தச் சொன்னேன். அவர் ஒரு சொல் மறுக்காமல் தைக்கத் தொடங்கினார். 9.50க்கு பிரஷர் 96/50. ஹைட்ரோகோட்டிசோனும் குளோர்பெனிரமினும் அதற்குப் பிறகுதான் கொடுத்தோம். அவை முதல் மருந்துகள் இல்லை. அவற்றைத் தேடி ஓடும் நேரத்தில் அட்ரினலின் தாமதமாவதுதான் பல இடங்களில் நடக்கும் பிழை.

ஒரு வினோதத்தையும் சொல்லவேண்டும். அட்ரினலினுக்குப் பிரஷர் மசியாத அனபிலக்சிஸில் சில இடங்களில் மெதிலீன் நீலம் கொடுத்து மீட்டிருக்கிறார்கள். குழாய்களை விரியவைக்கும் நைத்திரிக் ஒட்சைட்டின் பாதையை அது அடைக்கும். நீலச் சாயம் ஒன்று விழுத்தியவரை இன்னொரு நீலச் சாயம் தூக்கிவிடலாம். அன்றைக்கு எங்களிடம் இல்லாமல் போன சாயமும் அதுதான்.

வெளியே

கூடத்துக்கு வெளியே மகளும் தாய்மாமனும் நின்றார்கள். நான் விளக்கத் தொடங்கு முன்பே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போகும் கட்டிலில் அம்மாவைக் கண்டுவிட்டார்கள். முகம் சாம்பல் நீலம், இமைகள் ஊதல், வாயில் குழாய். மாமன் சொன்ன முதல் சொல்: "விஷம் ஏறிப்போட்டுது."

எங்கள் ஊரில் நீலம் பாரித்தால் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. அந்தப் பயத்தை அறிவியல் சொற்களால் கழுவ முயன்றிருந்தால் தோற்றிருப்பேன். "மாமா, விஷமுறிவு மருந்து போட்டு ஆக்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போறதைக் கண்டிருப்பியள் தானே, அதே மாதிரித்தான் இது. மருந்துக்குப் பதிலா சாயம். நீலம் சாயத்தின்ட நிறம், உயிர் போற நீலமில்லை" என்றேன். அவர் கேட்டார்: "அப்ப இந்தச் சாயம் ஏன் போட்டனீங்கள்?" நியாயமான கேள்வி. உட்காரவைத்துப் பதில் சொல்ல இருபது நிமிடம் எடுத்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் நாடி இரத்தத்தின் ஒட்சிசன் மிக நன்றாக இருந்தது, கிளிப் அப்போதும் 92 என்றே காட்டியது. சிறுநீர்ப் பையில் பச்சை நீர். இரவுப் பணிக்கு வந்த தாதி பையைப் பார்த்துவிட்டு, யாராவது ஏதாவது கலந்தார்களா என்று கேட்டு எனக்குத் தொலைபேசி எடுத்தார். பேட்டன்ட் நீலம் தோலின் கீழிருந்து மெல்ல மெல்லத்தான் இரத்தத்தில் இறங்கும். அதனால் இந்த ஒவ்வாமை பிந்தித் தொடங்கும், நீளமாக நிற்கும். அட்ரினலின் பம்பைப் பதினாலு மணித்தியாலம் நிறுத்த முடியவில்லை. மறுநாள் காலை குழாயை எடுத்தோம். தொண்டை கரகரக்க அவர் கேட்டது: "பிள்ளை, கட்டியை எடுத்தாச்சோ?" இல்லை என்று சொல்வதுதான் அந்த முழு நிகழ்விலும் எனக்குக் கஷ்டமாக இருந்த இடம்.

எது காரணம் என்று எப்படித் தெரியும்?

அன்று காலை அவர் உடம்புக்குள் போனவை குறைந்தது ஆறு: நுண்ணுயிர்க்கொல்லி, ஃபென்ரனில், புரோபோஃபோல், அட்ராக்கியூரியம், தோலில் பூசிய குளோர்ஹெக்சிடின், சாயம். நீலத் தடிப்பைக் கண்டவுடன் சாயம்தான் என்று சொல்லத் தோன்றும். ஆனால் வேறு எதனால் தடிப்பு வந்திருந்தாலும், சாயம் இரத்தத்தில் இருந்தால் அது நீலமாகத்தான் தெரியும். நிறம் சாட்சி சொல்லாது. நேரம் கொஞ்சம் சொல்லும். நாளத்தில் போடும் மருந்துகள் பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் காட்டிவிடும். இவருக்கு மயக்கிய முப்பத்தாறாவது நிமிடத்தில், சாயம் போட்ட இருபத்துமூன்றாவது நிமிடத்தில் பிரஷர் விழுந்தது.

திரிப்ரேஸ் என்ற நொதியை அளக்க, நிகழ்வுக்கு ஒரு மணித்தியாலத்தின் பின்னும் மறுநாளும் இரத்தம் எடுத்து, பிரித்து, உறையவைத்து, குளிர்ப்பெட்டியில் ஏ9 வழியாகக் கொழும்புக்கு அனுப்பினோம். முதல் மாதிரி லீற்றருக்கு 38 மைக்ரோகிராம், மறுநாள் 5.1. வழமையான அளவை 1.2ஆல் பெருக்கி 2ஐக் கூட்டினால் 8.1 வரும். அதைத் தாண்டினால், ஒவ்வாமையின்போது இந்த நொதியைக் கொட்டும் மாஸ்ட் கலங்கள் வெடித்திருக்கின்றன என்று கொள்ளலாம். 38 அதைத் தாண்டி எங்கேயோ நிற்கிறது. ஆறு வாரத்தின் பின் தோல் குத்துப் பரிசோதனை நடந்தது. பேட்டன்ட் நீலம் குத்திய இடத்தில் தெளிவான தடிப்பு. மற்றவை எல்லாவற்றுக்கும், மெதிலீன் நீலத்துக்கும்கூட, ஒன்றுமில்லை.

வாழ்க்கையில் முதல்தடவை போட்ட சாயத்துக்கு உடம்பு எப்படி ஏற்கெனவே பகையானது? பேட்டன்ட் நீலம் திரையரைல்மீதேன் என்ற பெரிய சாயக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஐசோசல்ஃபான் நீலம் அதன் உடன்பிறப்பு மாதிரி. ஜென்ஷன் வயலட், பிரிலியன்ட் கிரீன், மலக்கைட் கிரீன், மஜென்டா எல்லாம் அதே வம்சம். துணி, அழகுசாதனம், மருந்து, தாள் என்று அவை இல்லாத இடம் குறைவு. ஈ131 என்ற பெயரில் சில நாடுகளில் பேட்டன்ட் நீலமே உணவு நிறமாகவும் சேர்க்கப்படுகிறது. வாய்ப்புண்ணுக்கு ஊதா மருந்து தடவாத வீடு எங்கள் தலைமுறையில் உண்டா? இந்த அம்மாவிடம் கேட்டபோது ஊதா மருந்தைவிடப் பெரிய கதை ஒன்று வந்தது. முப்பது வருடமாக நீத்துப்பெட்டி, பாய், கைப்பை பின்னுகிறார். பொட்டலத்தில் வரும் சாயத்தைப் பானையில் கொதிக்கவைத்து, ஓலையை வெறுங்கையால் அமுக்கி எடுப்பார். கை ஒரு கிழமைக்குப் பச்சையும் சிவப்புமாக இருக்குமாம். "சாயம் காய்ச்சிற நாளிலை கை கடிக்கும் பிள்ளை, தேங்காயெண்ணெய் பூசினால் போய்விடும்." நாங்கள் கேட்ட "மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா" என்ற கேள்விக்குள் இந்தப் பதில் வந்து விழ வழியே இல்லை. அந்தப் பானைதான் காரணம் என்று என்னால் நிறுவ முடியாது. சந்தேகப்படாமல் இருக்கவும் முடியாது.

எவ்வளவு அரிது

பேட்டன்ட் நீலம் பெற்ற 7,917 பேரைக் கணக்கெடுத்த பிரித்தானிய ஆய்வொன்றில் 0.9 வீதமானவர்களுக்கு ஏதாவது விளைவு. அவற்றில் பல தோலோடு நின்றவை. உயிரோடு விளையாடிய கடுமையானவை 0.06 வீதம்தான். 2018இல் வெளியான பிரித்தானியாவின் ஆறாவது தேசியக் கணக்காய்வு, மயக்கத்தின்போது நடந்த 266 கடுமையான ஒவ்வாமைகளை ஆராய்ந்தது. அதில் ஒன்பது பேட்டன்ட் நீலத்தால். நுண்ணுயிர்க்கொல்லி, தசைத்தளர்த்தி, குளோர்ஹெக்சிடினுக்கு அடுத்த நாலாவது இடம். பயன்பாட்டோடு ஒப்பிட்டால் ஒரு இலட்சம் ஊசிக்கு 14.6. ஒரு நிபுணர் தன் வாழ்நாளில் ஒன்றைக் காணாமலே ஓய்வுபெறலாம்.

அப்படியென்றால் எல்லோருக்கும் மெதிலீன் நீலத்தையே போட்டால் என்ன என்று பயிற்சி வைத்தியர் கேட்டார். அது வேறு குடும்பத்துச் சாயம், அனபிலக்சிஸ் இன்னும் அரிது. ஆனால் தோலுக்குள் மேலாகப் போட்டால் அந்த இடத்துத் தோல் அழுகலாம். ஜி6பிடி நொதி குறைந்தவர்களுக்கு இரத்தத்தின் செங்குழியங்கள் உடையும். மனச்சோர்வுக்குச் சில மாத்திரைகள் எடுப்பவர்களுக்கு செரட்டோனின் கூடி ஆபத்தாகும். போருக்குப் பிந்திய வன்னியில் அந்த மாத்திரை எடுப்பவர்கள் எத்தனைபேர் என்று மனநலக் கிளினிக்கில் ஒருநாள் உட்கார்ந்தால் தெரியும், சொல்லாமல் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் அந்தக் கேள்வியையும் இப்போது தனியாகக் கேட்கிறோம்.

அந்த ஆறு நிமிடம்

9.21க்கும் 9.27க்கும் இடையில் நான் பிழையான மருந்து எதுவும் கொடுக்கவில்லை. பிழை வேறு இடத்தில். பிரஷர் விழுந்தபோது என் கண் என் தாளுக்குப் போனது. அதில் நான் போட்ட மருந்துகள் நேரத்தோடு வரிசையாக இருந்தன, கடைசி மருந்து போட்டு அரை மணித்தியாலம் ஆகிவிட்டது, ஆகவே ஒவ்வாமை இல்லை என்று மனம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. சாயம் அந்தத் தாளில் இல்லை. அது நிபுணரின் தட்டிலிருந்து வந்தது. தாதியின் பொருட்கணக்கில் இருந்தது, நூலுக்கும் பஞ்சுக்கும் நடுவே. விடுதியில் விஷமுறிவு மருந்து ஏற்றும்போது யார் ஏற்றினாலும் எல்லோரும் நோயாளியின் தோலைப் பார்த்துக்கொண்டிருப்போம். கூடத்தில் தோலைத் துணி மூடிவிடுகிறது, வாயைக் குழாய் மூடிவிடுகிறது, "எனக்கு ஒருமாதிரி இருக்கு" என்று சொல்ல ஆளில்லை.

இப்போது எங்கள் மயக்கமருந்துத் தாளில் பேனாவால் கோடு இழுத்து ஒரு நிரலைச் சேர்த்திருக்கிறோம்: சத்திரசிகிச்சையாளர் போட்டவை. சாயம், எலும்பை ஒட்டும் சீமெந்து, தோல் விறைப்பு மருந்து, வயிற்றைக் கழுவும் திரவம் எல்லாம் அதில் நேரத்தோடு ஏறும். சாயம் போட்டவுடன் நிபுணர் சத்தமாகச் சொல்லவேண்டும். முதலிரண்டு வாரம் அவருக்கு அது நாடகம் மாதிரி இருந்தது. சத்திரசிகிச்சை நடக்காத பக்கத்துக் கையைத் துணிக்கு வெளியே வைக்க முடியாதபோது, பத்து நிமிடத்துக்கொரு தடவை தூக்கிப் பார்ப்பது தாதியின் வேலை.

அம்மாவுக்கு இரண்டாவது சத்திரசிகிச்சை தோல் பரிசோதனைக்கு அடுத்த வாரம் நடந்தது. சாயம் இல்லாமல், அக்குளில் நாலு கணுக்களைக் கையால் தேடி எடுத்தார்கள். நாலிலும் புற்றுநோய் இல்லை. மூன்று மொழியிலும் எழுதிய ஒவ்வாமை அட்டையை அடையாள அட்டையோடு சேர்த்துப் பொலித்தீனில் சுற்றி வைத்திருக்கிறார். போன கிளினிக்குக்கு வந்தபோது மார்பில் நீலம் இன்னும் ஒரு தேசிக்காய் அளவுக்குத் தெரிந்தது. அது போக ஒரு வருடமும் ஆகலாம் என்றேன். பரவாயில்லை என்றார். அவருக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது.

"கையுறை போட்டுச் சாயம் காய்ச்சினால் பரவாயில்லையோ பிள்ளை? வெள்ளை ஓலைப் பெட்டியை ஆர் வாங்கினம்?"